நைனா இருக்கும்போதே மீசை எடுத்தவன்

காது கேட்காத பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வாத்தியாருக்கு வேண்டிய முதல் தகுதி உரத்த குரல் என்று நான் நம்பினேன். மனசுக்குள் நம்பிவிட்டு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்பு போட்டு, நாற்பது வயசுக்கு மேல் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்தேன்.

இந்த மடத்தனத்தில் பாதிப் பங்கு எங்கள் தெருவுக்கு உண்டு. காஞ்சிபுரத்தில் இரண்டு பக்கமும் தறி ஓடுகிற தெரு அது. பொழுது விடிந்ததிலிருந்து பலகை அடிக்கிற சத்தம். அதற்கு மேல் பேசித்தான் வீட்டில் உப்பு கேட்க வேண்டும், சண்டை போட வேண்டும், பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் குணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ரகசியம் என்றால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சாதாரணப் பேச்சு தெருமுனைக் கோயில் குருக்கள் வரைக்கும் போகும். அங்கே வளர்ந்த எனக்குத் தொண்டை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்புட்குழிப் பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்பு டீச்சர் தன் வேலையை நிறுத்திவிட்டுத் தன் பிள்ளைகளையும் என் குரலுக்கே சொல்ல வைத்துவிடுவார். அதற்காக அவரிடம் நான் ஒரு நாள்கூட மனக்குறைப்பட்டதில்லை. பெருமையாக இருந்தது.

அந்தத் தெருவில்தான், கல்யாணமாகி வெகு நாள் கழித்து, எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டியிருந்தோம். என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் நைனா, தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். அந்தச் சத்தத்தில் குழந்தை அசையாமல் தூங்கும். எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளும் அப்படித் தூங்குகிறவைதான். "இன்னா சமர்த்து பாரேன்" என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். வேறு ஊராக இருந்தால், கதவைச் சாத்தினால் விழிக்காத குழந்தையைப் பார்த்து ஆறு மாதத்தில் பயந்திருப்பார்கள். நாங்கள் இரண்டரை வயசு வரைக்கும் சமர்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கேட்காது, இனி கேட்கவும் போவதில்லை என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு சென்னையில் விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. ஆறு வயசில் சேர்ப்பார்கள், தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஆறு வயசுப் பெண்ணை, தாகம் எடுத்தால் சொல்லத் தெரியாததை, சென்னையில் விட்டுவிட்டு எப்படி ஊருக்கு பஸ் ஏறுவது என்று என் மனைவி கேட்டாள். அப்போதுதான் பட்டுக்கடை முதலாளி ஒருவர், பயிற்சி பெற்ற வாத்தியார் கிடைத்தால் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தை ஒழித்துத் தருகிறேன், காஞ்சிபுரத்திலேயே வகுப்பு தொடங்கலாம் என்றார். அந்தப் பயிற்சியோ சென்னையில் அதே பள்ளியோடு சேர்ந்த கல்லூரியில்தான், ஒரு வருஷம்.

"நான் போறேன்" என்றேன்.

"இந்த வயசுலயா?" என்றாள் மனைவி.

"எனக்கு இருக்கிற குரலுக்கு ஒரு வருஷமே அதிகம்."

அவள் குரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னாள். "ஜூன் மாசம் பாப்பாவுக்கு ஆறு முடியுது. அதுக்குள்ள நீங்க பாஸ் பண்ணா அது நம்மகூட இருக்கும். இல்லன்னா ஆஸ்டலு. இதை மனசுல வச்சிக்கினு போங்க."

மனசில் வைத்துக்கொண்டுதான் போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் இடம் பிடித்தேன். வாரம் முழுக்க சென்னை, சனிக்கிழமை சாயங்காலம் ஊர்.

முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றார்கள். எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்கள், நடுவில் இரண்டு கன்னியாஸ்திரீகள். பழக்க தோஷம், நானும் கையை அசைத்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். நான் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் பிறகு அந்த அறையில் எழுந்த சிரிப்பு அடங்க உண்மையான விரிவுரையாளர் வர வேண்டியிருந்தது. அவருக்கும் என்னைவிடப் பத்து வயசு குறைவு. மேடம் என்று கூப்பிட எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மறுவாரம் எங்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், என்ன வேண்டுமானாலும் பேசலாம். என் முறை வந்தது. வேட்டியை இறுக்கிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, என் வாழ்நாளில் எழுப்பிய மிகப் பெரிய சத்தத்தில், "இது என்ன?" என்று ஒரு பந்தைக் காட்டிக் கேட்டேன். மாடியில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் இறங்கி ஓடிவந்தார். வெளியே வாட்ச்மேன் எழுந்து நின்றார். எனக்கு எதிரே இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ அதிர்கிறது என்று கண்டுபிடித்து மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் முடிவதற்குள் ஆறேழு பிள்ளைகள் என் தொந்தியைச் சுற்றி நின்று, இன்னும் கத்து என்று கையைக் காட்டினார்கள்.

மேடம் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. கத்தினா வாயோட அமைப்பு கோணிக்குது. இந்தப் பிள்ளைங்க உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கறாங்க. நீங்க மெதுவா, சாதாரணமா பேசணும்."

"சாதாரணமாத்தான் பேசினேன் மேடம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இன்னொண்ணு. உங்க உதடு எங்க சார் இருக்குது?"

இங்கே என் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டுக்குப் பந்தல் போட்டு, இரண்டு ஓரத்திலும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே எப்போதும் வெற்றிலை. வெற்றிலை போட்டவன் எச்சில் வழியாமல் பேச வேண்டுமென்றால் மோவாயை வானத்துக்குத் தூக்க வேண்டும். ஆக, என்னிடம் பேச வருகிற காது கேட்காத பிள்ளைக்கு நான் காட்டியது என் தொண்டையையும், மூக்குத் துவாரத்தையும், நடுவில் ஒரு கறுப்புத் திரையையும்.

மேடம் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து, சத்தமில்லாமல் பேசச் சொன்னார். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே ஒரு கன்னியாஸ்திரீ. நான் கோயில் இட்லியைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் பேசினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏதோ அசையுது சார். அதுக்கு மேல எனக்குத் தெரியலை" என்றார்.

வெற்றிலையை விட்டேன். இரண்டு வாரம் நரக வேதனை. அதைவிட்ட பிறகுதான் என் பல்லின் நிறம் எனக்கே தெரிந்தது. குரலைத் தணித்தேன். மேன்ஷன் அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, உதடு தெளிவாக, சத்தம் மெல்லிசாக, மாசக்கணக்கில் பழகினேன். பக்கத்து அறைக்காரர் நான் சினிமாவில் நடிக்க முயற்சி செய்கிறேன் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த ஒரு கேமராமேன் இருப்பதாகச் சொன்னார். மீசையை மட்டும் வாரத்துக்கு ஒரு நூல் அளவு என்று குறைத்துக்கொண்டே வந்தேன். மேடம் வாரத்துக்கு ஒரு தடவை, போதாது என்று தலையை அசைத்துக்கொண்டே வந்தார். பங்குனி மாதம் நெருங்கியபோது கறாராகச் சொல்லிவிட்டார்.

"பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலேர்ந்து வர்றவர் ரொம்பக் கண்டிப்பு. போன வருஷம் தாடியோட வந்த ஒருத்தரைப் பாடமே எடுக்க விடலை. எடுத்துடுங்க சார். முடிதானே, வளர்ந்துடும்."

முடிதானே என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை மீசையை முழுக்க எடுப்பது ஒரே காரணத்துக்குத்தான். பெற்றவர்கள் போனால் கொள்ளி போடுகிற மகன் எடுப்பான். என் அம்மா முன்னமே போய்விட்டாள், அப்போது ஒரு தடவை எடுத்தாகிவிட்டது. இனி எடுக்க வேண்டுமென்றால் நைனா போக வேண்டும். நைனாவோ எண்பதை நெருங்குகிற வயசில் காலையில் ஆறு இட்லி தின்றுவிட்டுக் குழியில் இறங்குகிறவர்.

இருந்தாலும் ஊரில் எங்கள் குடும்ப நாவிதரிடம் போய் உட்கார்ந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெரியவரு நல்லாத்தான இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. காத்தால கூட என்னை ரெண்டு தரம் திட்டினாரு."

"அப்ப நான் எடுக்க மாட்டேன் வாத்தியாரே. உங்க வூட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் நான்தான் வந்துக்கினு இருக்கேன். அவரு இருக்கசொல்ல உங்க மீசையில கத்தி வச்சா, நாளைக்கு அவரு தும்மினாகூட எம்மேலதான் வந்து விழும்."

"படிப்புக்காகப்பா."

"படிக்கிறவங்க தலைதான் சீவுவாங்க. மீசைய எடுக்கச் சொல்ற படிப்ப நான் கேள்விப்பட்டதில்ல."

சரி, நம்மைத் தெரியாத ஊரில் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த சனிக்கிழமை மத்தியானம் திருவல்லிக்கேணியில் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். அங்கிருந்தவர் சோப்பைக் குழைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், "அப்பாவா சார், அம்மாவா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல தைரியம் இல்லாமல், "தூரத்துச் சித்தப்பா" என்றேன். அவரும் பாவம், கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். வாலாஜாபாத் வரைக்கும் அவர் தன் தகப்பனார் போன கதையைச் சொல்லி எனக்கு ஆறுதல் கூறிக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் அழுத்தினேன். வேறென்ன செய்வது?

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது துண்டை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள், "இன்னா வாத்தியாரே, பல்லா?" என்றாள். தலையாட்டினேன். "கிராம்பு வைங்க" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். அந்த இடத்தில் நடையைக் கட்டியிருக்க வேண்டும். கிராம்பு என்ற பேச்சைக் கேட்டதாலோ என்னவோ எனக்குத் தும்மல் வந்தது. துண்டு அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது.

அந்த அம்மாள் என் மேலுதட்டைப் பார்த்தாள். கையில் இருந்த நூல் கீழே விழுந்தது. "அடக் கடவுளே, பெரியவரு பூட்டாரா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினாள்.

"இல்லைம்மா, நைனா நல்லா இருக்காரு" என்று நான் சொன்னேன். சொன்னது உண்மை. மெல்லிய குரலில், உதட்டை அழகாக அசைத்து, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி சொன்னேன். எட்டு மாசப் பயிற்சி. தறிச் சத்தத்தில் அது எவன் காதில் விழும்? தெருவே திரண்டு வந்து என் வாயைப் பார்க்கிறது, ஒருவருக்கும் உதடு படிக்கத் தெரியவில்லை. பழைய குரலை எழுப்பிப் பார்த்தேன். பழக்கம் விட்டுப்போய் இருமல்தான் வந்தது. துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று ஒருவர் என்னைத் தாங்கிப் பிடித்தார்.

எங்கள் தெருவில் சாவு என்றால் தறியை நிறுத்திவிடுவார்கள். எதிர்வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்தது நின்றது. ஒன்றன்பின் ஒன்றாகத் தெருக்கோடி வரைக்கும் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. கடைசியில் அந்தத் தெருவில் ஒரே ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் வீட்டில் நைனாவின் தறி.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. உள்ளே நைனா என் மனைவியிடம் கேட்பது வாசலுக்குக் கேட்டது. "யாருமா பூட்டாங்க? தெரு அடங்கிக் கெடக்குது."

"தெரியலியே மாமா."

நைனா குழியிலிருந்து ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்கக் கிளம்பி வாசலுக்கு வந்தார். வாசலில் முப்பது பேர் நின்றார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை. அது எங்கிருந்து அதற்குள் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எந்த வூடுப்பா?" என்று நைனா கேட்டார்.

மாலைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நைனா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த என் முகத்தில் வந்து நின்றார்.

"நான் செத்துட்டனாடா?"

"இல்ல நைனா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாமே. நான்பாட்டுக்கு நெய்துக்கினு கெடக்கறேன்."

முதலில் ஒரு கிழவர்தான் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சங்கு ஊதுகிறவருக்கு ஆள் போயிருந்ததால் அவரும் வந்து சேர்ந்தார், காப்பி குடிக்காமல் போக மாட்டேன் என்றார். மாலையை முருகன் படத்துக்குப் போட்டோம். என் மனைவி நைனாவைக் கிழக்கு பார்த்து நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, அவ்வளவு கண்ணு பட்டிருக்கிறது என்றாள். எனக்கு நெடி வந்தது. சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நைனா என்னைக் கூப்பிட்டு, "எதுக்குடா எடுத்தே?" என்றார்.

"பிள்ளைங்க உதட்டைப் பார்க்கணும் நைனா. பரீட்சையில கேக்கறாங்க."

"பாப்பாவுக்காகவா?"

"ஆமா."

அவர் திரும்பவும் குழிக்குள் இறங்கிக் காலை மிதியில் வைத்தார். "அப்ப சரி. ஆனா ஒண்ணு. நான் நெசமா போறப்போ, அதான் அன்னிக்கே எடுத்துட்டனேன்னு டபாய்க்கக் கூடாது."

நான் பயந்தது நைனாவுக்கு. அடி வேறு இடத்தில் விழுந்தது. என் மகளுக்குப் பேச்சு இல்லையே தவிர, வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவள் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தாள். தாத்தாவுக்கு, தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை வீசுகிற மாதிரி கையை இப்படியும் அப்படியும் ஓட்டுவாள். அம்மாவுக்கு மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு தொடல். எனக்கு, உதட்டோரத்தில் இரண்டு விரலை வைத்து மேல்நோக்கி ஒரு முறுக்கு. அன்றைக்குத் தூங்கி எழுந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல விரலைத் தன் உதட்டோரத்துக்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். கிட்டே வந்து என் மேலுதட்டைத் தடவினாள். என்னைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் தேடினாள். அதற்கப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அம்மா என்னைக் காட்டி, இது யார் என்று கையால் கேட்டாள். அவள் பதில் சொல்லவில்லை. அன்றிரவும் மறுநாளும் எனக்கு அந்த வீட்டில் பெயர் இல்லை. தன் மகளைப் பேச வைக்கக் கிளம்பியவன், அவளிடம் இருந்த நாலைந்து வார்த்தையில் ஒன்றைச் சிரைத்துவிட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது கூச்சத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தன் உள்ளங்கையால் வாயைப் பொத்தி அம்மாவிடம் காட்டினாள். என் புதுப் பெயர் அதுதான். வாயை மூடிக்கொண்டவன். காது கேட்காத பிள்ளைகளின் வாத்தியாருக்கு அதைவிடப் பொருத்தமில்லாத பெயர் கிடையாது. ஆனாலும் பெயர் என்று ஒன்று கிடைத்ததே என்று பஸ்ஸில் அழுதேன். இந்தத் தடவை இடம் கொடுக்க ஆளில்லை, நின்றுகொண்டே அழுதேன்.

சித்திரையில் பிராக்டிகல் வந்தது. எழுத்துப் பரீட்சையை நன்றாகவே எழுதியிருந்தேன். மீதி இருந்தது அரை மணி நேரப் பாடம். "மாம்பழம்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். உதடு நன்றாகச் சேர்ந்து பிரிகிற சொல், மேடமே தலையாட்டி ஒப்புக்கொண்டது. காஞ்சிபுரத்திலிருந்து நல்ல பழமாக அரை டஜன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மேலுதட்டை அன்று காலையில் இரண்டு தரம் மழித்தேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டேன், வாயால் பேசாமல் கையால் ஜாடை காட்டினால் மார்க் குறைப்பார்கள் என்பதால். குரலைத் தணித்தாயிற்று. பல்லை விளக்கியாயிற்று. முகத்தைப் பொறுத்தவரை அந்தக் கல்லூரியில் என்னைப்போல் தயாரானவர் யாரும் இல்லை.

எனக்கு ஒதுக்கியிருந்தது நாங்கள் பழகிய அறை இல்லை. மூலையறை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல், அதற்கு வெளியே மொட்டை வெயில். பரீட்சைக்காரர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பெஞ்சில். மேஜை இருக்கும் இடம்தான் வாத்தியார் நிற்கும் இடம் என்று இருபது வருஷப் பழக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தியது.

பழத்தை எடுத்துக் காட்டி, மிக அழகாக, "மாம்பழம்" என்றேன்.

முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவனும் வைத்தான். ஒவ்வொருவராக எல்லோரும் வைத்தார்கள். எனக்கு சல்யூட் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு மரியாதையான பிள்ளைகள். பரீட்சைக்காரரும் பார்க்கட்டும் என்று நானும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன்.

பரீட்சைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

நான் விடவில்லை. "மாம்பழம்" என்று இன்னும் தெளிவாக, இன்னும் மெதுவாகச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன் பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்தார்கள். இரண்டு பேர் இந்த முனையையும் இரண்டு பேர் அந்த முனையையும் பிடித்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு அடியில் போட்டு உட்கார்ந்தார்கள். பின் பெஞ்சுக்காரர்களும் அதேபோல் வந்தார்கள். நான் கொஞ்ச நேரம் காலி இடத்தைப் பார்த்து மாம்பழம் சொல்லிக்கொண்டு நின்றேன். திரும்பிய பிறகுதான் வெயில் என் முகத்தில் அடித்தது. கண் கூசியது. நான் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

வாத்தியாரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகில் இல்லை. முதல் மாதம் முதல் வாரம் மேடம் சொல்லித்தந்தது அது. வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றவனின் முகம் எதிரில் இருக்கிறவனுக்குக் கரிக்கட்டை. அந்தக் கரிக்கட்டையில் மீசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மீதிப் பாடத்தை எடுத்து முடித்தேன். பிள்ளைகள் மாம்பழம் சொன்னார்கள். பழத்தை வெட்டித் தின்றார்கள். பரீட்சைக்காரருக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவர் வாங்கிக்கொண்டார். எழுந்து போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"பசங்க நல்லா தயாரா இருக்காங்க" என்றார். "நீங்க ஐப்பசியில மறுபடி வாங்க."

ஊருக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல், வெயில், சல்யூட் எல்லாவற்றையும் வேடிக்கையாகவே சொன்னேன், சிரிப்பாள் என்று. சல்யூட் அடித்துக் காட்டினேன்கூட.

"ஜன்னல சாத்திட்டு நின்னிருக்கலாமே" என்றாள்.

"தோணலை."

"ஏங்க, மேஜைய விட்டு நாலு அடி தள்ளி நின்னிருக்கலாமே."

"தோணலைம்மா."

அவள் கொத்தமல்லியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய், பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். துடைத்தாள். பாப்பாவின் பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அதில் வைக்க ஆரம்பித்தாள். ஜூனுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. நான் உட்கார்ந்து மீதிக் கொத்தமல்லியை ஆய்ந்தேன். நைனா தறியிலிருந்தபடியே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அன்றைக்கு அவரும் கிண்டல் செய்யவில்லை.

ஜூன் மாதம் மகளைக் கொண்டுபோய் விடுதியில் விட்டோம். வழியெல்லாம் என் மனைவி அவளுக்குக் கையால் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். தண்ணி வேண்டும் என்றால் இப்படிக் காட்டு, வயிறு வலித்தால் இப்படி. பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். வகுப்பில் கையை ஆட்டக் கூடாது என்று சட்டம். முற்றத்தில் எல்லாக் கையும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் அவ்வளவு கைகளை ஒரே இடத்தில் பார்த்தது அதுவரை இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம் ஒரு பெரிய பெண் அவளிடம் எதையோ கேட்க, இவள் பதிலுக்கு நாடா வீசிக் காட்டினாள். வீட்டில் தறி இருக்கிறது என்று சொல்கிறாள் போலிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. எங்களைப் பார்க்க என் மகள் திரும்பியது கொஞ்ச நேரம் கழித்துத்தான். இன்னும் இங்கேயா நிற்கிறீர்கள் என்பதுபோலக் கையை அசைத்தாள்.

ஐப்பசியில் போய் ஜன்னலுக்கு எதிரே நின்று பாடம் எடுத்துத் தேறினேன். அடுத்த ஜூனில் பட்டுக்கடைக்குப் பின்னால் வகுப்பு தொடங்கியது. தென்னேரியிலிருந்து ஒரு பையன், மாகறலிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், எங்கள் தெருவிலேயே இன்னொரு சமர்த்துக் குழந்தை. மகளைக் கூட்டிவந்து இதில் சேர்க்கலாம் என்று சென்னைக்குப் போனோம். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். தன் கட்டிலையும், பக்கத்துக் கட்டில்காரியையும் காட்டினாள். அவள் அம்மா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள், அதற்கு மேல் கேட்கவில்லை. படித்து முடிக்கிறவரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள், லீவுக்கு வந்துபோனாள். நான் கடைக்குப் பின்னால் இருந்த அந்தக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். என் மகளுக்கு ஒரு நாளும் எடுத்ததில்லை.